சைக்கிளில் போகும்போது காட்டு விலங்கு குறுக்கே வந்தால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் டயர், கியர், பஞ்சர் ஒட்டும் சாமான் பற்றியெல்லாம் நிறையக் கேட்கிறார்கள். விலங்கு எதிரே வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் கரடியிலும் சிறுத்தையிலும்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் ஆளைப் படுத்தி எடுப்பவை பெரும்பாலும் அவை அல்ல. குறுக்கே பாயும் மான், பையைப் பிடித்து இழுக்கும் குரங்கு, அதற்குப் பிறகு வரும் ஊசி, ரசீது, இன்சூரன்ஸ் அலைச்சல், இவைதான். ஒரு குரங்கின் நகக்கீறலுக்காக ஆஸ்பத்திரிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அலைந்தபோது, இதையெல்லாம் யாராவது வரிசையாக எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்து வருபவர் மெதுவாக வருவார். விலங்குக்கு ஒதுங்க நேரம் கிடைக்கும். கார் வேகமாக வந்தாலும் இரைச்சலோடு வரும். சைக்கிள் மட்டும்தான் வேகமாகவும் வரும், சத்தமில்லாமலும் வரும். விலங்கு உங்களைக் கவனிக்கும் நேரத்தில் நீங்கள் அதன் மூக்கருகே வந்திருப்பீர்கள். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான்.

1. ஒரு மாதம் முன்பே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்

போகிற இடத்தில் ரேபிஸ் உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால், கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கு 2 தவணை போதும் என்கிறது: முதல் நாள் ஒன்று, அதிலிருந்து 7 நாள் கழித்து ஒன்று. சில இடங்களில் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் ஒரு மாத அவகாசம் வைத்துக்கொள்வது நல்லது.

இது ஏன் முக்கியம் என்றால், முன்பே ஊசி போட்டவரைப் பிறகு விலங்கு கடித்தால் 2 பூஸ்டர் ஊசி போதும். போடாதவருக்குத் தடுப்பூசி வரிசை முழுவதும் வேண்டும். ரத்தக் காயமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் வேண்டும். அந்த மருந்து சின்ன ஊர்களில் சுலபத்தில் கிடைக்காது. விலையும் தடுப்பூசியைப் போலப் பல மடங்கு. உடல் எடைக்கு ஏற்ப அளவு கூடும், அளவுக்கு ஏற்பச் செலவும் கூடும். முன்கூட்டிப் போடும் ஊசிக்கு ஆகும் பணத்தைச் செலவாகப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று தெரியாவிட்டால் அதையும் இதோடு முடித்துவிடுங்கள். போட்டதற்கான அட்டையை வாங்காமல் வராதீர்கள்.

தேனீ, குளவி கொட்டினால் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால், அட்ரினலின் ஊசிப்பேனா (ஒவ்வாமை முற்றினால் உடனே குத்திக்கொள்ளும் ஊசி) பற்றி இதே மருத்துவரிடம் பேசுங்கள். விமானத்தில் கொண்டுபோக அவருடைய கடிதமும் இருந்தால் நல்லது.

2. அனுமதிச் சீட்டை எழுத்துக்கு எழுத்து படியுங்கள்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். வனப் பாதைக்கு அனுமதி கிடைத்தது என்றால் சைக்கிளுக்கும் கிடைத்தது என்று அர்த்தமில்லை. நடைபயணத்துக்கு மட்டும் திறந்திருக்கும் பாதைகள் உண்டு. மூடிய வாகனங்களுக்கு மட்டும் திறந்திருக்கும் சரணாலயச் சாலைகளும் உண்டு. அங்கே சைக்கிள் அறவே கூடாது. பகலில் சரி, இருட்டினால் கூடாது என்ற விதியும் உண்டு. சீட்டில் சைக்கிள் என்ற சொல் இருக்கிறதா, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எந்த வாயிலில் நுழைந்து எதில் வெளியேற வேண்டும் என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயிலில் இருப்பவர் "போங்க, பரவாயில்லை" என்று சொன்னது பின்னால் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சில அலுவலகங்களில் அனுமதிக்குப் பல வேலைநாள் ஆகும், இடையில் விடுமுறை வந்தால் இன்னும் இழுக்கும். இன்னொன்று: தடைசெய்த இடத்திலோ தடைசெய்த நேரத்திலோ அடிபட்டால் இன்சூரன்ஸ் பணம் தராமல் போக அதுவே காரணமாகிவிடும்.

3. இன்சூரன்ஸ் பாலிசியில் பார்க்க வேண்டிய நான்கு இடங்கள்

விளம்பரத் தாளை விட்டுவிட்டு விதிமுறைத் தாளைத் திறங்கள்.

சைக்கிளை அவர்கள் சாகச விளையாட்டில் சேர்த்திருக்கிறார்களா என்பது முதல் கேள்வி. தார்ச்சாலையில் ஓட்டினால் சரி, மண்பாதையில் ஓட்டினால் தனிக்கட்டணம் என்று பிரித்திருப்பார்கள். அடுத்தது, புறநோயாளிச் செலவு உண்டா என்பது. ரேபிஸ் ஊசி எல்லாமே ஆஸ்பத்திரியில் படுக்காமல் போட்டுக்கொள்வது. படுத்தால்தான் பணம் என்கிற பாலிசி இதில் ஒரு காசு தராது. காட்டிலிருந்து தூக்கிவரும் செலவு உண்டா என்பது மூன்றாவது; ஹெலிகாப்டர் வேண்டியிருக்கும் மலைப்பகுதி என்றால் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை. கடைசியாக, சம்பவம் நடந்து எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். அந்தக் கெடுவையும், தகவல் சொல்ல வேண்டிய போன் எண்ணையும், பாலிசி எண்ணையும் கையால் ஒரு தாளில் எழுதுங்கள்.

சைக்கிளுக்கு ஆகும் சேதம் பெரும்பாலும் இதில் வராது. அதற்குத் தனி பாலிசி.

4. உடம்போடு இருக்க வேண்டியவை

பையில் இல்லை, உடம்போடு. விலங்கைக் கண்டு நீங்கள் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் விழுவீர்கள். குரங்கு பையையே எடுத்துக்கொண்டு போய்விடலாம். அதனால் போன், விசில், அடையாள அட்டையின் நகல், ரத்த வகையும் ஒவ்வாமையும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுதிய சின்ன அட்டை, தடுப்பூசி அட்டையின் நகல், இவையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் சட்டையின் பின்பையிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும்.

சைக்கிள் பையில் வைக்கலாம் என்று நான் சொல்வது ஒரு சோப்புத் துண்டு, உபரித் தண்ணீர், அகலமான மீள்பட்டி (எலாஸ்டிக் பேண்டேஜ்), சுத்தமான துணி. சோப்பு எதற்கு என்று 9ஆம் பகுதியில் தெரியும்.

கரடி உலவும் பகுதிக்குப் போகிறவர்கள் கரடி ஸ்ப்ரே வாங்குவார்கள். மிளகாயின் காரச் சத்தை அழுத்தத்தில் அடைத்த டப்பா அது. பீய்ச்சினால் ஏறக்குறைய 7 முதல் 10 மீட்டர் வரை போகும். இதில் சில பொறிகள் உண்டு. விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது. போய் இறங்கிய இடத்தில்தான் வாங்க வேண்டும். திரும்பி வரும்போது டப்பாவை அங்கேயே விட்டுவிட்டும் வர வேண்டும், அந்தச் செலவு போனதுதான். பிரிட்டனில் இது சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலேயே யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அனுமதி இல்லை. டப்பாவில் காலாவதி தேதி இருக்கும், பாருங்கள். முக்கியமாக, தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்தில் இதை மாட்டாதீர்கள். மார்புப் பட்டியில் மாட்டுங்கள்.

5. புறப்படும் நேரம், காலம்

விடியலுக்கு முன்னும் பின்னும், சாயங்காலம் இருட்டும் வேளையிலும் விலங்கு நடமாட்டம் அதிகம். வெயிலுக்குப் பயந்து சைக்கிள்காரர்கள் தேர்ந்தெடுப்பதும் இதே நேரத்தைத்தான். காட்டுப் பகுதிக்கு மட்டும் பழக்கத்தை மாற்றுங்கள். சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்து நுழையுங்கள், மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது வெளியே வந்துவிடுங்கள். பஞ்சருக்கும் செயின் அறுவதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். 3 மணி நேரப் பாதை என்றால் 4 மணி நேரம் என்று கணக்குப் போடுவது என் வழக்கம்.

பருவமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மாக்பை பறவை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் மாதங்களில், சைக்கிள்காரர்களின் தலையைக் குறிவைத்துப் பாயும். மூஸ் என்ற பெரிய மானினம் வசந்தத்தின் கடைசியில் கன்றோடு இருக்கும்போதும், செப்டம்பர், அக்டோபரில் இணை தேடும்போதும் முரட்டுத்தனமாக இருக்கும். யானை, காட்டுப்பன்றி, கரடி எதுவானாலும் குட்டியோடு இருக்கும் தாயிடம் நெருங்காதீர்கள். போகிற பகுதியில் எந்த விலங்கு எந்த மாதம் முரட்டுத்தனமாக இருக்கும் என்று வனத்துறை அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்பதற்குப் பைசா செலவில்லை.

6. வேகத்தைக் கணக்குப் போட்டு ஓட்டுங்கள்

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடுவீர்கள். விலங்கைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிடித்தாலும் நிற்க மொத்தம் 15 மீட்டர் வேண்டும். 20 கி.மீ. வேகத்தில் 9 மீட்டர் போதும். 40இல் 24 மீட்டர் ஆகிவிடும். சரளைக்கல்லிலும் ஈரத்திலும் இதைவிடக் கூடுதல். வளைவுக்கு அப்பால் 10 மீட்டர்தான் தெரிகிறது என்றால், 20 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

இது வெறும் கணக்குப் பாடம் இல்லை. 2016 ஜூனில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டுப்பாதையில், வனச் சேவையில் வேலை பார்த்த ஒருவர் வேகமாக ஒரு மறைவான வளைவைத் திரும்பியபோது கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி மேலேயே மோதினார். கரடி அவரைக் கொன்றுவிட்டது. காட்டை நன்றாக அறிந்தவர் அவர். திடுக்கிட்ட விலங்குக்கு எதிரே அந்த அறிவுக்கு வேலை செய்ய நேரமே இல்லை.

மறைவான வளைவு, உயரமான புல், இறக்கம், ஓடைச் சத்தம், எதிர்காற்று: இவற்றில் இரண்டு சேர்ந்தால் பிரேக்கில் விரல் இருக்கட்டும், வாயைத் திறந்து பேசுங்கள் அல்லது பாடுங்கள். ஓடை இரைச்சல் உங்கள் சத்தத்தை மூடிவிடும். எதிர்காற்று உங்கள் வாசனையையும் பின்னால் தள்ளிவிடும். சைக்கிளில் கட்டும் சின்னச் சலங்கைகளை நம்பாதீர்கள், அவை தூரத்துக்குக் கேட்பதில்லை. மனிதக் குரல் நல்லது. இயர்போனைக் கழற்றி வைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மின் மோட்டார் வைத்த சைக்கிள்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். சாதாரண சைக்கிள் மேட்டில் தானாகவே மெதுவாகிவிடும். உங்களுடையது மேட்டிலும் சத்தமில்லாமல் பாயும்.

7. கண்டதும் செய்ய வேண்டியது

பிரேக்கைப் பிடியுங்கள், நேராகப் பிடியுங்கள். மான், பன்றி, முயல் குறுக்கே வந்தால் ஹேண்டிலை வெட்டித் திருப்புவதுதான் இயல்பாக வரும். எலும்பு முறிவது பெரும்பாலும் அந்தத் திருப்பலில்தான். 2019 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வொல்லன்காங் அருகே 76 வயதுக்காரர் ஒருவர் மாக்பை பாய்ந்ததைத் தவிர்க்கப் பாதையை விட்டு விலகி வேலிக் கம்பத்தில் மோதி இறந்தார். பறவை அவரைக் கொல்லவில்லை, விலகல் கொன்றது.

ஒரு மான் கடந்துவிட்டால் உடனே பெடலை மிதிக்காதீர்கள். இரண்டாவது வரும். பன்றியாக இருந்தால் வரிசையாகக் குட்டிகளும் வரும். அவை வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், போன திசையை அல்ல.

பெரிய விலங்கு வழியில் நிற்கிறது என்றால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் குறுக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் தப்பிக்கும் வண்டி என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். திருப்பி, கியர் மாற்றி, மேட்டில் மிதித்து வேகமெடுப்பதற்குள் எந்த விலங்கும் உங்களை எட்டிவிடும். ஆசிய யானை மணிக்கு 25 கி.மீ. வரை ஓடும், கரடியும் அமெரிக்கக் காட்டெருமையும் 50 கி.மீ.க்கு மேல். சைக்கிள் அந்த நேரத்தில் ஒரு வேலி. அப்படியே நினைத்துப் பிடியுங்கள்.

எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கு ஒரு அளவுகோல்: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், காட்டெருமை போன்றவற்றிடமிருந்து 23 மீட்டர் என்பது விதி. எந்த ஊரிலும் இதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். யானைக்கு 100 மீட்டரும் எனக்குப் போதாது.

8. எந்த விலங்குக்கு எப்படி

யானை: சத்தம் போடாதீர்கள், மணி அடிக்காதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். தூரத்தில் கண்டதும் நின்று, வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்வாங்குங்கள். காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் அடித்தால் உங்களை ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரு யானைதான் தெரிகிறது என்பதற்காகச் சாலையைக் கடந்து போகாதீர்கள். மந்தையின் மீதி இரு பக்கமும் இருக்கலாம். மேய்வதை நிறுத்திக் காதை விரித்து உங்கள் பக்கம் நேராகத் திரும்பினால் உங்களுக்கு நேரம் முடிந்தது என்று பொருள். துரத்தினால் சைக்கிளையும் பையையும் போட்டுவிட்டு, பெரிய மரம், பாறை, சுவர் என்று நடுவில் ஏதாவது வரும்படி ஓடுங்கள். சைக்கிளை நினைத்துத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பயமுறுத்தும் ஓட்டம் எது, நிஜமான தாக்குதல் எது என்று காதையும் துதிக்கையையும் வைத்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். பழகிய பாகனுக்கு அது முடியலாம். உங்களுக்கும் எனக்கும் வேண்டாம்.

சிறுத்தை, பியூமா போன்ற பெரும்பூனைகள்: இங்கே எல்லாம் தலைகீழ். ஓடக் கூடாது, குனியக் கூடாது, முதுகு காட்டக் கூடாது. கண்ணைப் பார்த்து, கையை உயர்த்தி, சத்தம் போட்டு, பெரிய உருவமாக நில்லுங்கள். கழன்ற செயினை மாட்டக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் அதன் கண்ணுக்குச் சின்ன விலங்கு. அதனால் பெரும்பூனைப் பகுதியில் ரிப்பேர் செய்யும்போது ஒருவர் நின்று பார்க்கட்டும். 2018 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் இருவர் பியூமாவைச் சத்தமிட்டு, சைக்கிளால் அடித்து விரட்டினார்கள். அது போய்விட்டுத் திரும்பி வந்து ஒருவரைக் கவ்வியது. மற்றவர் ஓடியதும் இவரை விட்டுவிட்டு அவரைத் துரத்திக் கொன்றது. அதே மாநிலத்தில் 2024 பிப்ரவரியில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஓட்டும்போது ஒருவரின் முகத்தை ஒரு பியூமா கவ்வியது. மற்றவர்கள் ஓடவில்லை. அதைப் பிய்த்து எடுத்து, சைக்கிளை அதன் மேல் போட்டு அழுத்திப் பிடித்து, வன அதிகாரி வரும்வரை விடவில்லை. அவர் பிழைத்தார். விலங்கு போனபிறகும் சைக்கிளில் ஏறாமல் கொஞ்ச தூரம் சேர்ந்தே நடந்துபோங்கள் என்று நான் சொல்வது இந்த இரண்டையும் வைத்துத்தான்.

கரடி: மெல்லப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். திடீரென்று முட்டிக்கொண்டு தற்காப்புக்காகத் தாக்கும் பழுப்புக் கரடியிடம் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடிக்கொள்வது வழி. முதுகுப் பையைக் கழற்றாதீர்கள். பின்தொடர்ந்து வந்து தாக்குவது, கூடாரத்துக்குள் வருவது என்றால் அது இரை தேடுகிறது. எதிர்த்து அடிக்கத்தான் வேண்டும்.

காட்டெருமை, காட்டுமாடு: தனியாக நிற்கும் காளையிடம் கவனம். அது வழியை விடும்வரை காத்திருங்கள், அரை மணி நேரம் ஆனாலும்.

பாம்பு: இருட்டும் வேளையில் தார்ச்சாலையின் சூட்டுக்கு வந்து படுக்கும். நிறுத்தத் தூரம் இருந்தால் நிறுத்தி, அது போகும்வரை விலகி நில்லுங்கள். நிறுத்த முடியாது என்றால் நேராக ஓட்டிக் கடக்க வேண்டியதுதான், காலைத் தூக்கிக்கொண்டு. காலைத் தூக்கச் சொல்வது, சக்கரம் அதன் மேல் ஏறிவிட்டால் அதைக் காலருகே வீசிவிடலாம் என்பதால். ஓரத்தில் நிறுத்தும்போது கால் ஊன்றும் இடத்தைப் பாருங்கள்.

தேனீக் கூட்டம்: நிற்காதீர்கள், தட்டாதீர்கள். ஓட்டிக்கொண்டே போய்விடுங்கள், மூடிய கட்டடமோ வண்டியோ கிடைக்கும்வரை. தண்ணீருக்குள் குதிப்பது உதவாது, மேலே காத்திருக்கும். கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். உதடு வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அவசர உதவி.

பாயும் பறவை: இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கண்ணாடி போடுங்கள். ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் முட்களைக் கட்டிக்கொள்வது பார்க்க வேடிக்கையாக இருக்கும், அவ்வளவே.

குரங்கு: உணவு எதுவும் வெளியே தெரியக் கூடாது, ஹேண்டில் பையின் ஜிப் முழுதாக மூடியிருக்கட்டும். பிளாஸ்டிக் உறையின் சரசரப்பே போதும், வந்துவிடும். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சவால். பையைப் பிடித்துவிட்டால் இழுபறி வேண்டாம், கொடுத்துவிடுங்கள். எந்தப் பையும் அடுத்த பகுதியில் வரும் ஊசிகளின் விலைக்கு ஈடாகாது.

இரவு கூடாரத்தில் தங்கினால் உணவு, பற்பசை, சோப்பு, சமைத்த பாத்திரம் எல்லாவற்றையும் கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி, விலங்கு திறக்க முடியாத பெட்டியிலோ உயரத்தில் தொங்கவிட்டோ வையுங்கள்.

9. கடித்தால், கீறினால்: முதல் 15 நிமிடமும் அடுத்த வாரமும்

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணி பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. குழாய் இல்லாவிட்டால் பாட்டிலில் இருப்பதை ஊற்றுங்கள். அயோடின் இருந்தால் பிறகு போடலாம். வீட்டு வைத்தியமாக எதையும் அப்பாதீர்கள். தையலை அவசரப்பட்டுப் போடச் சொல்லாதீர்கள்.

அப்புறம் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவமனை. உலக சுகாதார நிறுவனம் காயத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தொட்டது, முழுத்தோலை நக்கியது முதல் வகை; கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி அல்லது கீறல், புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் பட்டது, வௌவால் தொட்டது மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அது காயத்தைச் சுற்றியே குத்தப்படும், வலிக்கும். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது உடல் எடையின் கிலோவுக்கு 20 அலகு, குதிரையிலிருந்து எடுத்தது 40 அலகு. குதிரை மருந்து விலை குறைவு. எது இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், நல்லதைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள்.

நான் போன முதல் இடத்தில் தடுப்பூசி இருந்தது, இம்யூனோகுளோபுலின் இல்லை. "இதைப் போட்டுக்கோங்க, அது தேவையில்லை" என்றார்கள். ரத்தக் காயத்துக்கு அது தேவை. ஆனால் ஒரு நல்ல செய்தி: முதல் தடுப்பூசியை உடனே போட்டுக்கொண்டு, இம்யூனோகுளோபுலினைத் தேடி அடுத்த 7 நாளுக்குள் போட்டுக்கொண்டால் சரி. அதற்குப் பிறகு அது போடப்படுவதில்லை. தேடிக் கிளம்பும்முன் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து "கையிருப்பு இருக்கிறதா" என்று கேளுங்கள். "போடுவீர்களா" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். பெரிய அரசு மருத்துவமனையில் ஆரம்பிப்பது செலவுக்கும் நல்லது, கையிருப்புக்கும் நல்லது.

ஊசி அட்டவணை நாட்டுக்கு நாடு மாறும். 0, 3, 7 என்று ஆரம்பித்து 14, 28 வரை போவது பரவலானது. இதில் 0 என்பது கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள். பயணத்தின் நடுவில் என்றால், அடுத்த ஊசி நாளில் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று பார்த்துப் பாதையை மாற்றுங்கள். எந்த மருந்து, எந்த முறையில் போட்டார்கள் என்பதை அட்டையில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஊர் மருத்துவர் அதைப் பார்த்துத்தான் தொடர்வார். குரங்கு என்றால் அது எந்த வகை என்பதையும் சொல்லுங்கள். மக்காக் இனக் குரங்குகளிடமிருந்து அரிதாக வேறு ஒரு வைரஸும் வரலாம்.

பாம்பு கடித்தால் வழி வேறு. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரம், ஷூவைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளைப் படுக்கவைத்துத் தூக்கிச் செல்லுங்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. அசையும் தசை விஷத்தைப் பரப்பும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள். வலியில்லை என்பதால் விஷமில்லை என்று நினைக்காதீர்கள், கட்டுவிரியன் கடியில் வலி தெரியாமலே இருக்கலாம்.

அவசர எண்ணாக 112 ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இந்தியாவிலும் வேலை செய்யும். போகிற நாட்டின் எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

10. கிளெய்முக்கான தாள்கள்

முதல் மருத்துவர் எழுதும் முதல் சீட்டுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதில் விலங்கின் பெயர், இடம், தேதி, நேரம், காயத்தின் வகை, சைக்கிள் ஓட்டும்போது நடந்தது என்ற வரி, இவை இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த சீட்டில் "கீறல், ஊசி போடப்பட்டது" என்று மட்டும் இருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் எதனால் கீறல் என்று கேட்டுக் கோப்பைத் திருப்பினார்கள். அந்த ஒரு வரிக்காக அதே ஊருக்கு மறுபடியும் பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. மேசையை விட்டு எழுந்திருக்கும் முன்பே படித்துப் பார்த்து, இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

அதோடு காயத்தைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும் படம், விழுந்த சைக்கிளின் படம், அனுமதிச் சீட்டின் நகல், ஒவ்வொரு ஊசிக்கும் தனி ரசீது, மருந்துக் கடையில் வாங்கினால் மருத்துவர் சீட்டோடு சேர்ந்த பில். ஊசி மருந்தை வெளியே வாங்கி வந்து போட்டுக்கொண்டால், போட்டதற்கும் ஒரு ரசீது கேளுங்கள். மருந்து பில் மட்டும் இருந்தால் போட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்பார்கள். வெப்பத்தில் எழுத்து மங்கும் ரசீதுகளை அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

பூங்காவுக்குள்ளோ வனப் பகுதியிலோ நடந்தால் வனத்துறையிடம் எழுத்தில் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்குங்கள். மோதலில் விலங்கு செத்தாலும் அடிபட்டாலும் அதைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். பல நாடுகளில் அதுவே வழக்காகிவிடும். தகவல் சொல்வதுதான் உங்கள் வேலை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முதல் தகவலை உடனே சொல்லிவிடுங்கள், ஆனால் கோப்பை உடனே மூடவிடாதீர்கள். கடைசி ஊசி 28ஆம் நாள் என்றால், அதற்கு முன்பே "முழு கிளெய்ம்" என்று கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். பாக்கி ஊசிகள் இத்தனை என்று மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கி இணைத்து, பகுதி கிளெய்ம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி ரசீது போய்ச் சேர்ந்த பிறகுதான் அசல் தாள்களைக் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்பு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் கையில் இருக்கட்டும்.